கூரையும் அயலும்

பேரழிவுகளின் வரலாற்றை எழுதுவோர் இரண்டு கணக்குகளை மறவாமல் எழுதுகின்றனர். இறந்தவர் எத்தனை பேர் என்பது ஒன்று. இடிந்த வீடுகள் எத்தனை என்பது மற்றொன்று. மூன்றாவது கணக்கு ஒன்றும் உண்டு. உயிர் பிழைத்து, உணவும் உறைவிடமும் பெற்ற பின்னரும், உள்ளம் ஆறாமல் வாடியவர் எத்தனை பேர் என்பதே அது. இக்கணக்கு எளிதில் ஏட்டில் ஏறுவதில்லை. ஜப்பான் நாட்டின் கோபே நகரில் அது ஏட்டில் ஏறியது. ஏறிய விதத்தையும், அதனால் அந்நாட்டார் மெல்ல மெல்லக் கற்ற பாடத்தையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கோபே ஒரு பெரிய துறைமுக நகரம். பின்னால் ரொக்கோ மலைத்தொடர், முன்னால் கடல். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் நகரம் நெருங்கி அமைந்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள், விடியற்காலை 5 மணி 46 நிமிடத்திற்கு, அந்நகரமும் அதன் எதிரே உள்ள அவாஜித் தீவும் குலுங்கின. நிலநடுக்கத்தின் அளவு 7.3. கடுமையான அதிர்ச்சி நீடித்தது சில நொடிகளே. அந்தச் சில நொடிகளில் 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முற்றிலும் அழிந்தன. தொடர்ந்து எழுந்த தீ, ஏறத்தாழ 7,000 கட்டடங்களை விழுங்கியது. மொத்தத்தில் 6,434 உயிர்கள் மாய்ந்தன.

இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்கள். இதற்குக் காரணம் உண்டு. நகரின் பழைய பகுதிகளில், மரத்தால் கட்டிப் பாரமான ஓடு வேய்ந்த வீடுகள் சந்து சந்தாக இருந்தன. அவற்றின் வாடகை குறைவு. ஆதலின், முதியோரும் எளியோருமே அவற்றில் மிகுதியாகக் குடியிருந்தனர். நகாட்டா என்னும் வட்டாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறு சிறு காலணித் தொழிற்கூடங்கள் நிறைந்த அப்பகுதியில் வேலைக்கும் வீட்டுக்கும் இடையே நாலைந்து தெருக்களே இருந்தன. காலையில் எதிர்வீட்டுப் பாட்டி சன்னலைத் திறக்கவில்லை என்றால், பத்து மணிக்குள் யாரேனும் ஒருவர் கதவைத் தட்டுவார். அது யாரும் இயற்றிய சட்டமன்று. யாரும் சம்பளம் கொடுத்து அமர்த்திய காவலும் அன்று. சந்தில் வாழ்ந்த வாழ்க்கையின் இயல்பு அது. அந்தச் சந்துகளே இடிந்தன, எரிந்தன.

வீடிழந்த 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பள்ளிக்கூடங்களிலும் பொது மன்றங்களிலும் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுக்கு வீடு தரவேண்டிய கடமை அரசாங்கத்துக்கு இருந்தது. 1947-ஆம் ஆண்டிலேயே ஜப்பான் பேரிடர் உதவிச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. வீடிழந்து, தம் முயற்சியால் வேறு வீடு தேடிக்கொள்ள இயலாதவர்க்குத் தற்காலிக வீடு அமைத்துக் கொடுக்க அச்சட்டம் வழி செய்தது. ஹியோகோ மாநில அதிகாரிகள் வியக்கத்தக்க விரைவுடன் வேலை செய்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்துக்குள் 48,300 வீடுகள் எழும்பி நின்றன. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்திய வீடுகள் அவை. பெரும்பாலானவற்றின் பரப்பு ஏறத்தாழ 26 சதுர மீட்டர். நம் கணக்கில் 280 சதுர அடி.

ஏழே மாதங்களில் இத்தனை வீடுகள் என்பது சிறிய செயல் அன்று. ஆயினும் இரண்டு சிக்கல்கள் தோன்றின. முதலாவது, இடம். எரிந்த நகரின் நடுவில் இத்தனை வீடுகளுக்கு ஏற்ற காலி நிலம் இல்லை. ஆகவே மேற்கிலும் வடக்கிலும் இருந்த புறநகர்களிலும், கடலைத் தூர்த்து ஆக்கிய தீவுகளிலும் வீடுகளை அமைத்தனர். இரண்டாவது, வரிசை. யாருக்கு முதலில் கொடுப்பது? முதியோர், உடல் ஊனமுற்றோர், தனித்து நின்று குழந்தைகளை வளர்க்கும் தாய்மார் ஆகியோருக்கே முதலிடம் என்று முடிவு செய்தனர். வேண்டுவோர் மிகுதியாகவும் வீடுகள் குறைவாகவும் இருந்ததால், குலுக்கல் முறையில் சீட்டெடுத்து வீடுகளை ஒதுக்கினர்.

நண்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். எளியவர்க்கு முதலிடம், வேண்டியவர் வேண்டாதவர் என்ற வேறுபாடின்றிச் சீட்டு. இதைக் காட்டிலும் நேர்மையான முறை வேறு யாது? அந்த அதிகாரியின் நாற்காலியில் அமர்ந்திருந்தால் நீங்களும் நானும் இதையே செய்திருப்போம். இந்த வரலாறு கொடியவர்கள் செய்த கேட்டின் வரலாறு அன்று. நல்லெண்ணமும் நேர்மையும் கொண்ட ஒரு விதியிலிருந்து எதிர்பாராத துன்பம் விளைந்த வரலாறு. அதனாலேயே நாம் இதைக் கருத்துடன் படிக்க வேண்டும்.

விளைந்தது என்ன? ஒரே சந்தில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்களைச் சீட்டு நான்கு திசைகளுக்கும் பிரித்து அனுப்பியது. ஒருவருக்கு மேற்குப் புறநகர். அவருடைய அயலாருக்குக் கடல் நடுத் தீவு. முதியோருக்கு முதலிடம் கொடுத்ததால், முதலில் முடிந்த குடியிருப்புகளில் முதியோரே நிறைந்தனர். ஒருவரை ஒருவர் அறியாத முதியவர்கள் வரிசை வரிசையாகக் குடியேறினர். அவர்களுக்குக் கைகொடுக்கும் இளையவர்கள் அங்கே மிகச் சிலர். பழகிய மருத்துவர் தொலைவில். பழகிய கடை தொலைவில். பழகிய முகங்களும் தொலைவில்.

அப்போதுதான் ஒரு சொல் செய்தித்தாள்களில் அடிக்கடி வரலாயிற்று. 'கோதோகுஷி' என்பது அச்சொல். 'தனிமைச் சாவு' என்பது அதன் பொருள். தனியே வாழ்ந்த ஒருவர் யாரும் அறியாமல் தம் வீட்டுக்குள்ளேயே இறந்து, சில நாட்கள், சிலபோது பல வாரங்கள், கழித்துக் கண்டெடுக்கப்படுவதை அது குறித்தது. தற்காலிக வீடுகள் இருந்த ஐந்து ஆண்டுகளில் இவ்வாறு இறந்தவர்கள் 233 பேர் எனக் கணக்கிட்டனர். நான் தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது கணக்கு இவ்வாறுதான் ஏட்டில் ஏறிற்று.

இந்தச் சாவுகளை அருகிலிருந்து ஆராய்ந்தவர் இசாவோ நுகாத்தா என்னும் மருத்துவர். அவர் தற்காலிகக் குடியிருப்பு ஒன்றிலேயே மருத்துவ நிலையம் நடத்தினார். தாம் கண்டவற்றை 1999-ஆம் ஆண்டில் 'தனிமைச் சாவு' என்ற பொருள்படும் தலைப்பிலேயே நூலாக வெளியிட்டார். தனிமையில் இறந்தவர்கள் மிக முதிர்ந்த பாட்டிகளாக இருப்பர் என்றுதானே நாம் எண்ணுவோம்? ஆனால் அவர்களில் பெரும் பகுதியினர் ஐம்பது, அறுபது வயதை ஒட்டிய ஆடவர்கள். வேலையை இழந்தவர்கள், வருவாய் குன்றியவர்கள், முன்னரே நோயுற்றவர்கள், தனிமையை மறக்க மதுவை நாடிக் கல்லீரல் கெட்டவர்கள். பிறரிடம் சென்று உதவி கேட்க நாணியவர்கள். கதவைத் தட்ட ஒருவர் இருந்திருந்தால் அவர்களுள் சிலரேனும் பிழைத்திருக்கக் கூடும்.

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. அதில் உண்மை இருக்கிறது. பள்ளிக்கூடத் தரையில் அட்டையை விரித்து நூறு பேர் நடுவே மாதக்கணக்கில் படுத்தவர்க்கு, கதவு வைத்த தனி அறை ஒன்று எத்தகைய பேறு! ஆயினும் கோபே அப்பழமொழியோடு வேறோர் உண்மையையும் சேர்த்தது. தனி வளை வேண்டும். அவ்வளையைச் சுற்றித் தெரிந்த வளைகளும் வேண்டும்.

இவ்வுண்மையை உணர்ந்த பின்னர் பலரும் முயன்றனர். 50 வீடுகளுக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் மக்கள் ஒன்றுகூடித் தேநீர் அருந்திப் பேச மன்றங்கள் அமைந்தன. வீடு வீடாகச் சென்று நலம் விசாரிக்கும் பணியாளர்கள் அமர்த்தப் பெற்றனர். யூக்கோ குரோதா என்னும் அம்மையார் மருத்துவமனையில் செவிலியர் தலைமைப் பணியில் இருந்தவர். அவர் அப்பணியை விட்டுவிட்டு, 1,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட ஒரு தற்காலிகக் குடியிருப்புக்கே வந்து தங்கி, இரவும் பகலும் கதவுகளைத் தட்டினார். சந்து தானாகவே செய்துவந்த வேலையை இப்போது சிலர் தொண்டாகச் செய்ய வேண்டியதாயிற்று.

மனநோய் மருத்துவர்களும் தம் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்தனர். 1995-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உள்ள நலக் காப்பு நிலையம் ஒன்று ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கப் பெற்றது. உறக்கமின்மை, சிறு ஒலிக்கும் நடுங்குதல், தாம் மட்டும் பிழைத்தோமே என்னும் குற்ற உணர்வு ஆகிய இவையெல்லாம் நோயாளியின் கோழைத்தனம் அன்று. பேரதிர்ச்சிக்கு ஆளான எந்த மனிதர்க்கும் நேரக்கூடியவை என்பதை அவர்கள் மக்களுக்கு எடுத்துரைத்தனர். அவர்களுள் ஒருவர் கட்சுமாசா ஆன். கோபேப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றிய இளைஞர்; தாமும் நிலநடுக்கத்தில் சிக்கியவர். அவர் எழுதிய நூல் 1996-ஆம் ஆண்டில் பரிசு பெற்றது. உள்ளத்தின் காயத்தை ஆற்றுவது மருத்துவத் துறையிடம் விட்டுவிட்டு ஒதுங்கத்தக்க வேலை அன்று, சமுதாயம் முழுவதும் எத்தகையதாக இருக்க வேண்டும் என்னும் கேள்வியே அது என்பது அந்நூலின் சாரம். நாற்பது வயது நிறையுமுன்னரே, 2000-ஆம் ஆண்டு இறுதியில், அவர் மறைந்தார். அவர் கேட்ட கேள்வி மறையவில்லை.

தற்காலிக வீடுகளுக்குச் சட்டம் வகுத்த காலம் இரண்டு ஆண்டு. காலம் நீட்டிக்கப்பெற்று, கடைசிக் குடும்பம் வெளியேறியது 2000-ஆம் ஆண்டு ஜனவரியில். வெளியேறியவர்களில் பலர் அரசாங்கம் கட்டிய பல மாடிக் கட்டடங்களுக்குச் சென்றனர். அங்கும் பெரும்பாலும் சீட்டே ஆட்சி செய்தது. தற்காலிகக் குடியிருப்பில் ஐந்து ஆண்டுகள் முயன்று வளர்த்த புதிய நட்பும் மீண்டும் பிரிந்தது. சுவர் திண்மையானது, கதவு இரும்பு, மூடினால் உள்ளே நிகழ்வது வெளியே தெரியாது. தற்காலிக வீடுகளைக் காட்டிலும் எல்லா வகையிலும் உயர்ந்த அவ்வீடுகளில் தனிமைச் சாவுகள் பல்லாண்டுகள் தொடர்ந்தன. முந்திய தொகையையும் விஞ்சின. கட்டடத்தின் தரம் வேறு, வாழ்க்கையின் தரம் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இருளின் நடுவே ஓர் ஒளியும் இருந்தது. நகாட்டாவில் மானோ என்று ஒரு பகுதி உண்டு. தொழிற்சாலைப் புகையை எதிர்த்து 1960-களிலிருந்தே ஒன்றுபட்டுப் பழகியவர்கள் அப்பகுதி மக்கள். நிலநடுக்க நாளன்று அவர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாக நீர் கைமாற்றித் தீ பரவாமல் தடுத்தனர். அவர்கள் பகுதியில் 1998-ஆம் ஆண்டில் ஒரு புதிய வகை அரசாங்கக் குடியிருப்பு எழுந்தது. ஒவ்வொருவருக்கும் தனி வீடு. அனைவருக்கும் பொதுவாக ஒரு சமையற்கூடம், ஓர் உணவுக்கூடம். தனிமையும் வேண்டும், துணையும் வேண்டும் என்ற மனித இயல்பைக் கட்டடக் கலையும் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது என்பதற்கு அது அடையாளம்.

இனி, வீட்டுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஒரு சிறு வரலாற்றையும் கேளுங்கள். 'வீட்டைக் கட்டிப் பார்' என்று நம் முன்னோர் சொன்னதன் பொருளைக் கோபே மக்கள் நன்கு அறிந்தனர். இடிந்த வீட்டின் கடனே தீரவில்லை. புதிய வீட்டுக்கு மற்றொரு கடன்! வீடு தனியார் சொத்து. அதற்குப் பொதுப் பணம் கொடுப்பது முறையன்று என்பது நடுவண் அரசின் நெடுநாளைய கொள்கை. எழுத்தாளர் மகோதோ ஓதா முதலியோர் நடத்திய மக்கள் இயக்கத்தின் பின்னர், 1998-ஆம் ஆண்டில் வாழ்க்கைச் சீரமைப்பு உதவிச் சட்டம் பிறந்தது. அதன்படி 10 இலட்சம் யென் வரை உதவி கிடைத்தது; ஆனால் வீடு கட்டுவதற்கு அதைக் கொடுக்கவில்லை.

2000-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் தொத்தோரி மாநிலத்தின் மேற்குப் பகுதியில் நிலநடுக்கம் நேர்ந்தது. உயிரிழப்பு இல்லை, ஆனால் மலைக் கிராமங்களில் வீடுகள் பெரிதும் சேதமுற்றன. அங்கே குடியிருந்தவர் பெரும்பாலும் முதியோர். வீடு போனால் அவர்கள் நகரத்துப் பிள்ளைகளிடம் செல்வர், ஊர் பாழாகும். அம்மாநில ஆளுநர் யோஷிஹிரோ கத்தாயாமா நடுவண் அரசின் கருத்துக்கு மாறாகத் துணிந்து ஒரு முடிவு செய்தார். அவரவர் ஊரிலேயே மீண்டும் வீடு கட்டிக்கொள்வோருக்கு 30 இலட்சம் யென் வரை மாநிலமே உதவும் என்று அறிவித்தார். 2007-ஆம் ஆண்டில் நாட்டுச் சட்டமும் திருந்தியது. வீட்டைத் திரும்பக் கட்டவும் அவ்வுதவியைப் பயன்படுத்த வழி பிறந்தது. பணத்தின் அளவைவிட அதன் நோக்கத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அது வீட்டுக்குக் கொடுத்த பணம் மட்டும் அன்று. ஊரில் நிலைத்து வாழ்வதற்குக் கொடுத்த பணம்.

கோபேயின் பாடத்தை முழுமையாகச் செயற்படுத்திய ஊர் யாமாகோஷி. நீகாத்தா மாநிலத்து மலைகளுக்கிடையே, அடுக்கு வயல்களும் வண்ணக் கெண்டை மீன் வளர்ப்பும் காளைச் சண்டையும் புகழ் சேர்த்த கிராமம் அது. அன்று அங்கே மக்கள் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தனர். 2004-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் மாலை நேர்ந்த நிலநடுக்கத்தால் மலைகள் சரிந்து சாலைகள் யாவும் அறுந்தன. ஊர் முழுவதையும் ஹெலிகாப்டர்களில் ஏற்றி நகாவோகா நகருக்குக் கொண்டு சென்றனர். வந்திறங்கிய வரிசைப்படி முகாம்களில் தங்கியதால் ஊரார் ஒருவரோடு ஒருவர் கலந்து சிதறிக் கிடந்தனர். சில நாட்களுக்குள் அவர்களை மீண்டும் இடம் மாற்றி, ஒவ்வொரு சிற்றூராரும் ஒரே கூடத்தில் இருக்குமாறு செய்தனர். பின்னர்த் தற்காலிக வீடுகளையும் சீட்டுப் போடாமல் சிற்றூர் சிற்றூராகவே ஒதுக்கினர். பழைய அயலாரே புதிய அயலார். அருகே அவர்கள் பயிரிட நிலமும் கிடைத்தது. 'யாமாகோஷிக்குத் திரும்புவோம்' என்பது அவர்களுடைய முழக்கம். 2007-ஆம் ஆண்டு இறுதிக்குள் பெரும்பாலோர் திரும்பினர். திரும்பாதவரும் உண்டு, ஆயினும் தம் முடிவை அவர்கள் ஊராரோடு கூடிப் பேசி எடுத்தனர், தனி அறையில் தவித்து எடுக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப் பேரலை நம் நாகப்பட்டினக் கரையையும், இலங்கையின் கரைகளையும், இந்துமாக்கடலின் பிற கரைகளையும் தாக்கியது. சரியாகச் சில வாரங்களில், 2005-ஆம் ஆண்டு ஜனவரியில், உலக நாடுகளின் பேரிடர்த் தணிப்பு மாநாடு கோபே நகரிலேயே கூடியது. நிலநடுக்கத்தின் பத்தாம் ஆண்டு நினைவை ஒட்டி முன்னரே குறித்த மாநாடு அது. நம் கரைகளின் துயரம் அங்கே எல்லோருடைய நெஞ்சிலும் நின்றது. 2007-ஆம் ஆண்டில் உலக அமைப்புகள் பலவும் கூடி, பேரிடர்க் காலத்து உள்ள நலம் பற்றி ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டன. வீடுகளை எங்கே, எப்படி, யாரோடு சேர்த்து அமைப்பது என்பதும் உள்ள நலத்தைக் காக்கும் பணியின் ஒரு பகுதியே என்று அந்நூல் தெளிவாக ஏற்றுக்கொண்டது.

இறுதியாக ஒரு சான்று. 2011-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் வடகிழக்கு ஜப்பானைக் கடல் தாக்கியது. மியாகி மாநிலத்தில் இவானுமா என்னும் சிறு நகரம் உண்டு. அந்நகரின் முதியோரைப் பற்றி, அவர்களுடைய உடல்நலம், நட்பு, பழக்கவழக்கம் ஆகியவற்றை, பேரலைக்கு ஏழு மாதங்களுக்கு முன்னரே ஆராய்ச்சியாளர் எழுதி வைத்திருந்தனர். பின்னர் 2013-ஆம் ஆண்டில் அதே மனிதர்களிடம் மீண்டும் சென்று வினவினர். அழிவுக்கு முன்னும் பின்னும் ஒரே மக்களை ஒப்பிடும் வாய்ப்பு அறிஞர்களுக்கு அரிதாகவே கிட்டுவது. அயலாரோடு கூட்டமாகத் தற்காலிகக் குடியிருப்புக்குச் சென்றவர்களிடையே நட்பும் கூடிப் பழகுதலும் மேம்பட்டிருந்தன. சீட்டின் மூலமோ வாடகை வீடு தேடியோ தனித்தனியே சென்றவர்களிடையே அவை குன்றியிருந்தன. வீட்டை முற்றிலும் இழந்த முதியோருடைய நினைவாற்றலும் அறிவுத் தெளிவும் மற்றவர்களைக் காட்டிலும் மிகுதியாகத் தளர்ந்தன என்றும் கண்டனர். வீடு என்பது எத்துணை ஆழமாக மூளையிலும் உள்ளத்திலும் வேரூன்றியது என்பதை இது காட்டுகிறது. அந்நகரின் கடற்கரைச் சிற்றூர்கள் ஆறும் பின்னர் உள்நாட்டில் ஒரே புதிய குடியிருப்பாகச் சேர்ந்து அமர்ந்தன.

எனினும் இதை மந்திரம் போல் கொள்ளலாகாது. எல்லா ஊரும் இவானுமா அன்று. 2011-இல் புதிதாகப் பொருத்திய வீடுகளைவிட அரசாங்கம் வாடகைக்கு எடுத்துத் தந்த வீடுகளே மிகுதி. அவை விரைவில் கிடைத்தன, வசதியாகவும் இருந்தன, ஆயின் மக்கள் மீண்டும் சிதறினர். ஊரோடு சேர்ந்திருக்க விரும்பாதவரும் உண்டு. பழைய அயலைவிட்டு விலகினால்தான் சிலருக்கு மூச்சு வரும். பனி பெய்யும் இரவில் தரையில் கிடக்கும் ஒரு முதியவரை, அவருடைய ஊரார் எல்லோருக்கும் இடம் கிடைக்கும்வரை காத்திருங்கள் என்று சொல்வதும் எளிதன்று. விரைவு ஒரு பக்கம் இழுக்கிறது. உறவு மற்றொரு பக்கம் இழுக்கிறது. இரண்டையும் எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே பாடம். கோபே அதிகாரிகளின் தராசில் 'அயல்' என்னும் எடைக்கல்லே அன்று இல்லை.

சீட்டு எல்லோரையும் சமமாக நடத்தியது. எனினும், எல்லோரையும் தனித்தனி மனிதர்களாகக் கொண்டே சமமாக நடத்தியது. மனிதன் தனியன் அல்லன் என்பதை மறந்த சமத்துவம், நீதியின் ஒரு பாதியே என்பது என் கருத்து.

மாணவ நண்பர்களே, நீங்கள் நாளை பொறியாளராகவோ அதிகாரியாகவோ மருத்துவராகவோ ஆவீர்கள். பேரிடர் நேர்ந்த ஒரு நாளில் வீடிழந்தோர் பட்டியல் ஒன்று உங்கள் மேசைக்கு வரலாம். அதில் ஒவ்வொருவருடைய பெயரையும் வயதையும் குடும்பத்தின் அளவையும் எழுதுவீர்கள். அவற்றோடு இன்னொன்றையும் கேட்டு எழுதுங்கள்: 'இதுவரை உங்கள் அடுத்த வீட்டில் குடியிருந்தவர் யார்?'